ஐடி சாருடையது, விரல் தம்பியுடையது

அரசு ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் முதல் வேலை அதற்குப் பொட்டு வைப்பது. மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், சிபியூவுக்கு ஒரு முழம் கதம்பம், கற்பூரம் காட்டும்போது வயர் பக்கம் போகாதபடி ஒரு கவனம். அடுத்த வேலை, அந்தப் பெட்டிக்குள் யார் யார் நுழையலாம் என்று தீர்மானிப்பது. முதல் வேலைக்கு ஆபீசே எழுந்து நிற்கும். இரண்டாவதை, பெட்டியைத் தூக்கிவந்த சப்ளையர் பையன், வாசலில் லோடு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து ஓய்வதற்குள் முடித்துவிடுவான்.

விண்டோஸ் அவனிடம் ஒழுங்காகத்தான் கேட்கிறது. இதைப் பயன்படுத்தப் போவது யார்? அவன் 'அட்மின்' என்று தட்டுகிறான். பாஸ்வேர்டு? காலியாக விட்டு 'நெக்ஸ்ட்' அமுக்குகிறான். முதலில் உருவாகும் கணக்குக்கு நிர்வாகி அதிகாரம் தானாகவே வந்துவிடும். ஆக, அன்று முதல் அந்த நாற்காலியில் உட்காருகிற எவரும் நிர்வாகிதான். கண்காணிப்பாளர், இளநிலை உதவியாளர், தினக்கூலித் தம்பி, டீ கொண்டுவந்த கையோடு பென்டிரைவ் செருகிப் பாட்டு ஏற்றிக்கொண்டு போகும் கடைப் பையன் எல்லோருக்கும் சம அதிகாரம். அரசியல் சாசனம் வாக்களித்த சமத்துவம் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இதைக் கண்டாச்சிபுரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிற ஊர். மல்லாட்டை, கரும்பு, நெல். தாலுகா தலைநகர் என்பதால் ஆபீசுகளுக்குக் குறைவில்லை. ஆபீசு இருக்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடைக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கும் குறைவிருக்காது. ஒரு மனு உள்ளே போவதற்கு முன் வெளியே இரண்டு கடை ஏறி இறங்கும். இப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவனுக்கு லாகின் என்பது கம்ப்யூட்டர் பாடமாகத் தெரியாது. அரிசி, உரம், உதவித்தொகை, சாதிச் சான்று எல்லாம் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வருகின்றன. வாசலின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதுதான் அவன் கவலை. ஆகவே, அரசு ஆபீசுகளின் நலன் கருதி, லாகின் அமைப்பது எப்படி என்று ஒரு வழிகாட்டி எழுதலாம் என்று துணிந்தேன்.

சரியான முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், யாரும் தெரியாமல் அதைப் பின்பற்றித் தொலைத்துவிடக் கூடாது. செட்டிங்ஸுக்குள் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆபீசில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேருக்கும் தனித்தனியாகச் சாதாரணப் பயனர் கணக்கு. அதற்கு மேல் ஒரே ஒரு நிர்வாகி கணக்கு, அதன் பாஸ்வேர்டு பொறுப்பான ஒருவரிடம் மட்டும். நிர்வாகியால் புது மென்பொருள் ஏற்ற முடியும், அடுத்தவர் கணக்கைத் திறக்க மூட முடியும், பதிவுகளைத் துடைக்க முடியும். சாதாரணப் பயனரால் வேலை மட்டும்தான் செய்ய முடியும். இதற்கு எந்த ஆபீசு சம்மதிக்கும், சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் உண்டு. யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார் என்பதை விண்டோஸ் தானாகவே குறித்துக்கொள்ளும். 4624 என்ற எண்ணில் அந்தக் குறிப்பு விழும். ஆளுக்கொரு கணக்கு இருந்தால் எந்த வேலையை எவர் செய்தார் என்று தெரிந்துபோகும். ஒரே 'அட்மின்' இருந்தால் காலை பத்து மணிக்கு அட்மின் வந்தார், பகல் ஒரு மணிக்கு அட்மின் வந்தார், ராத்திரி பதினொன்றரைக்கும் அட்மின்தான் வந்தார். கடமை தவறாத மனிதர். இந்தக் குறிப்பும் நிரந்தரமில்லை. ஒதுக்கிய இடம் நிரம்பியதும் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். எங்கள் மாவட்டத்துக் கீழ்வாலையில் பாறைமேல் செங்காவியில் வரைந்துவிட்டுப் போனவன் யாரென்று தெரியாவிட்டாலும் அவன் கைவேலை இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆபீசு லாக் அந்த அளவுக்குக்கூடத் தாங்காது.

மேலிடத்திலிருந்து உத்தரவு வராமல் இல்லை. தேசியத் தகவலியல் மையம் 2022 ஜூனில் அரசு ஊழியர்களுக்கென்று ஒரு வழிகாட்டுதல் போட்டது. அன்றாட வேலைக்கு நிர்வாகி கணக்கைத் தொடாதே, சாதாரணப் பயனர் கணக்கிலேயே இரு. பாஸ்வேர்டு குறைந்தது எட்டு எழுத்து இருக்கட்டும். 45 நாளைக்கு ஒருமுறை மாற்று. சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டாதே. எல்லாம் நல்ல வார்த்தை. இதை அச்செடுத்து, இன்னார் பார்வைக்கு என்று சுற்றுக்கு விட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கோப்பில் கட்டிவைத்தாயிற்று என்றால் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பொருள். எட்டு எழுத்து கேட்கிறதா, துறையின் பெயரைப் போடு. எண் வேண்டுமாம், 123. குறியீடு வேண்டுமாம், நடுவில் ஒரு அட். 45 நாள் கழித்து மாற்றச் சொல்கிறதா, 124. மேஜையில் ஒட்டாதே என்றுதானே சொன்னார்கள்? மானிட்டரின் முதுகில் ஒட்டு. அங்கே ஏற்கெனவே குலதெய்வத்தின் படம் ஒட்டியிருக்கும், அதற்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும்.

இதுவரை சொன்னது பெட்டியின் வாசல். உள்ளே இன்னொரு வாசல் இருக்கிறது: துறையின் இணையதளம். அங்கே அதிகாரியின் பெயரில் ஐடி, அதிகாரி மட்டுமே அழுத்த வேண்டிய 'ஒப்புதல்' பட்டன். பட்டன் அழுத்துவது அதிகாரியின் வேலை. ஆனால் அதிகாரி தட்டுவாரா? இந்த நாட்டில் கீபோர்டு தொடுவது கீழ்நிலை வேலை என்று எந்த அரசாணையும் போடாமலே முடிவாகியிருக்கிறது. எனவே ஒப்பந்தத்தில் ஒரு தம்பி வருகிறான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் வேலை, அதுவும் யார் கையைப் பிடித்தோ வந்த வேலை. முதல் நாளே அவனிடம் சாரின் ஐடியும் பாஸ்வேர்டும் ஒப்படைக்கப்படுகின்றன. பிரவுசர் கேட்கிறது: பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா? வைத்துக்கொள், சாருக்கு மறந்துபோகும்.

பாதுகாப்புக்கு ஓடிபி கொண்டுவந்தார்கள். சாரின் செல்போனுக்கு ஆறு இலக்கம் வரும், சார் மட்டுமே பார்ப்பார், திருடன் தோற்றுப்போவான் என்று யாரோ ஏசி அறையில் நினைத்தார்கள். நடப்பது இது:

"சார், ஓடிபி வந்திருக்கா பாருங்க."

"மீட்டிங்ல இருக்கேன்டா. நாலு... எட்டு... இரு, கண்ணாடி போட்டுக்கறேன்."

கடைசியில் சார் ஓடிபி வருவதற்குத் தம்பியின் செல்போன் எண்ணையே பதிந்துவிடச் சொல்லிவிடுவார். இரண்டு அடுக்குப் பாதுகாப்பும் ஒரே சட்டைப்பையில் அடங்கிவிட்டது. டிஜிட்டல் கையொப்பத்தின் கதையும் இதுதான். பென்டிரைவ் போன்ற அந்த டோக்கனுக்குள் இருக்கிற ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க உரியவர் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42ஆம் பிரிவு சொல்கிறது. டோக்கன் தம்பியின் மேஜை டிராயரில் ஸ்டாம்ப் பேடுக்கும் குண்டூசி டப்பாவுக்கும் நடுவில் கிடக்கிறது. சாரின் கட்டுப்பாட்டில் தம்பி இருக்கிறான், தம்பியின் கட்டுப்பாட்டில் டோக்கன் இருக்கிறது. சட்டம் திருப்தியடையட்டும்.

சாரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. வேளாண் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். உதவி வேளாண்மை அலுவலர் என்றால் கைவசம் பல கிராமம். விதை கொடுக்க வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும், மானியப் பட்டியல் போட வேண்டும், மழை பெய்தால் சேதக் கணக்கு எடுக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் மேலிருந்து ஒரு அட்டவணை இறங்கும்: எந்த வட்டாரம் எத்தனை பதிவு முடித்தது, கடைசியில் இருப்பது யார். கடைசிப் பெயர் சிவப்பில். சிவப்பிலிருந்து வெளியே வர ஒரே வழி, ஐடியை யாரிடமாவது கொடுத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டச் சொல்வது. இப்படித்தான் பாஸ்வேர்டு ஆபீசிலிருந்து தெருவுக்கு இறங்குகிறது. யாரும் கதவை உடைக்கவில்லை. இலக்கு என்ற பெயரில் கதவைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

அது எங்கே போய் முடிந்தது என்று 2020 ஆகஸ்டில் நாடே பார்த்தது.

பிரதமரின் விவசாயிகள் நிதித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000. நிலம் சொந்தப் பெயரில் இருக்கிற விவசாயக் குடும்பத்துக்கு மட்டும். ஊரடங்குக் காலத்தில் கையில் காசில்லாத சனங்களிடம் தரகர்கள் வந்தார்கள். ஆதார் அட்டை கொடு, பேங்க் பாஸ்புக் கொடு, கொரோனா பணம் வரும் என்றார்கள். ஆபீசில் ஒப்புதல் பட்டன் அழுத்த வேண்டிய ஐடியும் பாஸ்வேர்டும் ஆபீசில் இல்லை, தரகர் கையில் இருந்தன. ஆகஸ்டில் எண்ணிக்கை தாறுமாறாக ஏறியது. செப்டம்பரில் அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி வெளியிட்ட கணக்கு: தகுதியில்லாதவர்கள் சுமார் ஐந்தரை லட்சம், போன பணம் 110 கோடி. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று தொடங்கி வேலூர், சேலம், தருமபுரி வரை நீண்டது பட்டியல். கள்ளக்குறிச்சி எங்கள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2019 நவம்பரில். கலெக்டர் ஆபீசுக்கு இடம் தேடி அலைந்துகொண்டிருந்த காலத்திலேயே, பட்டியலில் மட்டும் தாய் மாவட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிட்டது.

110 கோடியை ஐந்தரை லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 2,000 ரூபாய். அந்த 2,000த்திலும் தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டார். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அம்மாவிடம் மிஞ்சியது கொஞ்சம். அதில் அரிசி வாங்கினாள், மருந்து வாங்கினாள். பிறகு ஆபீசுக்காரர்கள் வந்தார்கள். நீ விவசாயி இல்லை, பணத்தைக் கட்டு. வங்கிக் கணக்கை முடக்கினார்கள், பிடித்தம் செய்தார்கள். அவள் திருப்பிக் கட்ட வேண்டியது முழுசாக 2,000, தரகர் தின்ற பங்கும் சேர்த்து. அந்த அம்மாவுக்கு ஐடி தெரியுமா? நிர்வாகி எது, பயனர் எது தெரியுமா? கைநாட்டு வைக்கிற விரலை எந்த மெஷினில் வைக்கச் சொன்னாலும் வைப்பாள், அவ்வளவுதான் அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள பழக்கம். மோசடி வரிசையில் மிக வேகமாக, மிகத் துல்லியமாகப் பிடிபட்டது அவள்தான். ஏனென்றால் இந்த முழு ஏற்பாட்டிலும் சொந்தப் பெயரில், சொந்த ஆதாரில், சொந்தக் கணக்கு எண்ணோடு உள்ளே வந்த ஒரே ஆள் அவள்.

செப்டம்பர் கணக்கின்படி 80 பேர் வேலையிலிருந்து நீக்கம், 34 பேர் இடைநீக்கம், 18 தரகர்கள் கைது. நீக்கப்பட்டவர்கள் யார், இடைநீக்கமானவர்கள் யார் என்ற வித்தியாசத்தை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தத் தம்பியை நீக்க ஒரு தாள் போதும். நிரந்தரக்காரருக்கு இடைநீக்கம், பிழைப்பூதியம், விளக்கம், விசாரணை, மீண்டும் சேர்ப்பு என்று ஒரு மரியாதையான பாதை உண்டு. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அப்போது திரும்ப வந்திருந்தது 32 கோடி. மீதி நாற்பது நாளில் வந்துவிடும் என்றார்கள். பிறகு மத்திய அரசு சொன்ன கணக்கில் திரும்பியது 61 கோடி. பாஸ்வேர்டுகள் மாற்றப்பட்டன என்று அறிவித்தார்கள். 123ஆக இருந்தது 124 ஆனதா என்று கேட்கும் துணிவு யாருக்கும் வரவில்லை.

அப்புறம் வழக்கமான கூத்து. யார் வேண்டுமானாலும் நேரடியாகப் பதியலாம் என்று மத்திய அரசு திறந்துவிட்டதுதான் காரணம் என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. சரிபார்ப்பது மாநிலத்தின் பொறுப்பு என்றது மறுபக்கம். கதவைத் திறந்தது டெல்லி, காவல் நிற்காதது சென்னை. இரண்டு பேரும் அடுத்தவர் வாசலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே வரிசையில் நின்றவர்கள்தான் நடுவில் நசுங்கினார்கள்.

எனக்கு ஆறாத கோபம் வேறு ஒன்றில். இந்தத் திட்டத்தில் குத்தகை விவசாயிக்கு இடமே இல்லை. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு எடுத்து, கடன் வாங்கி மல்லாட்டை விதைத்து, மழை பொய்த்தால் கடனோடு நிற்கிறவன் விவசாயி இல்லையாம், பட்டா அவன் பெயரில் இல்லையே. நிலமில்லாக் கூலிக்கும் இல்லை. பட்டா இருப்பவன் பாடாவது சுகமா என்றால், ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கியில் வேறு இனிஷியல் என்று தவணை நின்றுபோய், தம்பியின் மேஜைக்கும் பேங்க் கவுன்டருக்கும் நடந்து தேய்ந்தவர்களை எங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே பார்க்கலாம். ஒரு இனிஷியல் இடித்தால் கண்டுபிடித்து நிறுத்துகிற அந்த மகா புத்திசாலி இணையதளம், ஐந்தரை லட்சம் பேர் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தபோது கொட்டாவி விட்டது. உழுகிறவனுக்குப் பட்டா இல்லை. உழாதவனுக்குப் பாஸ்வேர்டு இருந்தது. எந்தப் பூட்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்று இதற்கு மேலுமா விளக்க வேண்டும்?

பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்துபோவது நம் ஊருக்கு மட்டும் உரிய கலை என்று பெருமைப்படவும் முடியாது. பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொள்ள ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் எம்ஐடி கல்விக்கூடத்தில் 1960களின் தொடக்கத்தில் வந்தது. 1962லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் நேரம் போதவில்லை என்று, பாஸ்வேர்டு கோப்பு முழுவதையும் அச்செடுத்துத் தரும்படி அந்த இயந்திரத்துக்கே விண்ணப்பம் போட்டார். அதுவும் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அவர் அதைச் சக நண்பர்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். அங்கே திருடுபோனது கம்ப்யூட்டர் நேரம். இங்கே ஊரடங்கில் பட்டினி கிடந்தவர்களின் பெயர்.

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு. பயன்படுத்தியவனைத்தான் அந்தப் பிரிவு பார்க்கிறது. தட்டியது எவன் விரல்? தம்பியின் விரல். ஒப்பந்தத்தில் வந்தவன் குற்றவாளி, ஐடிக்குச் சொந்தக்காரர் ஏமாந்தவர். "நம்பிக் கொடுத்தேன், இப்படிப் பண்ணிட்டான்" என்று அவர் சொல்லலாம். தம்பி என்ன சொல்வான்? "கொடுத்தார், தட்டினேன்" என்றா? சம்பளத்துக்கு வேலை செய்த காலமெல்லாம் அவனுக்கு அதுதானே வேலையாக இருந்தது. அவனைப் போன்றவர்களில் ஒருவன் தரகரோடு கூட்டு சேர்ந்தான், அவனுக்குச் சிறை சரி. காசு வாங்காத மற்றவர்களையும், நாளைக்கு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டுமே என்ற பயம், அடுத்தவர் பெயரில் நாள் முழுக்க வாழ வைக்கிறது. அவர்கள் செய்கிற நல்ல வேலை சாரின் பெயரில் பதிவாகும். தப்பு மட்டும் அவர்கள் பெயரில்.

எனவே வழிகாட்டியின் கடைசிப் பகுதியைப் பொதுமக்களுக்காக எழுதுகிறேன். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஊர் ஆபீசு ஒன்றுக்கு ஒரு மனு போடுங்கள். இவ்வலுவலகத்தில் எத்தனை கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பயனர் கணக்குகள், அவற்றில் எத்தனைக்கு நிர்வாகி அதிகாரம்? அலுவலர் தற்செயல் விடுப்பில் இருந்த நாட்களில் அவருடைய ஐடியிலிருந்து எத்தனை ஒப்புதல்கள் போயின? அலுவலர் மாறுதலாகிப் போன பிறகு அவருடைய பாஸ்வேர்டு எத்தனை நாள் உயிரோடு இருந்தது? ஓடிபி போகிற செல்போன் எண் யாருடையது?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். "தாங்கள் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை" என்று வரும். கீழே அலுவலரின் கையொப்பம் இருக்கும். முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த முப்பது நாள் இருக்கிறது, அந்த மனுவுக்கு ஸ்டாம்ப்கூடத் தேவையில்லை. போடுங்கள்.